ஆற்றங்கரைக் குடிலும் கடலோரக் கூடாரமும்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. விடுமுறைக்கு ஹோட்டல் அறை எடுக்காமல், ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே மரக்குடிலிலோ, 'கிளாம்பிங்' என்று இப்போது எல்லோரும் சொல்லும் வசதிக் கூடாரத்திலோ தங்கத் தென்னாப்பிரிக்கத் தமிழரான நம்மவர் பலர் விரும்புகிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): எங்கள் குடும்பத்தில் பதினொரு பேர். ஆயாவுக்கு 78 வயது. கடைக்குட்டிக்கு 3 வயது. டர்பனுக்கு வடக்கே ஓர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள கூடார விடுதியை என் தம்பி படங்களைப் பார்த்தே தேர்ந்தெடுத்துவிட்டான். கூடாரத்தின் மரத்தளத்தில் உட்கார்ந்தபடியே காலை ஆற்றில் நனைக்கலாமாம். டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பணம் கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: கட்டுவதற்கு முன்பே எழுதினீர்கள், நல்லது. உங்கள் தம்பியைக் கவர்ந்த அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து காலை ஆற்றில் நனைக்க முடியுமானால், ஆறு ஒரு மீட்டர் ஏறினாலே உங்கள் கட்டில் நனையும். விடுதிக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, 2022 ஏப்ரல் பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதுதான். இரண்டாவது, சாதாரண நாளில் ஆற்று நீருக்கும் கூடாரத்தின் தளத்துக்கும் இடையே உயரம் எத்தனை மீட்டர் என்பது. அந்த இடத்தை உண்மையாகவே அறிந்தவர் இவ்விரண்டுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். 'இங்கே அப்படியெல்லாம் வராது' என்று மட்டும் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை பெய்கிறது. பள்ளி விடுமுறையோ அதன் நடுவில் வருகிறது. நம் கரையோர ஆறுகளில் பெரும்பாலானவற்றின் முகத்துவாரம் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. குளிர்காலத்தில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடலலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடுகின்றன. திட்டுக்குப் பின்னால் நீர் ஏரிபோல் தேங்கி நிற்கிறது, படமெடுக்க மிக அழகாக இருக்கிறது. மழை தொடங்கியதும் கடலுக்குள் போக வழியில்லாத நீர் பின்னோக்கி ஏறித் தாழ்ந்த கரைகளை மூழ்கடிக்கிறது. பிறகு ஏதோ ஒரு கணத்தில் திட்டு உடைந்து, பல வாரங்களாகத் தேங்கிய நீர் சில மணி நேரத்தில் கடலுக்குள் பாய்கிறது. ஆகையால் ஆபத்து இரண்டு வகையில் வருகிறது: வாய் மூடியிருக்கையில் மெல்ல ஏறும் நீர், வாய் திறக்கையில் ஆளையே இழுத்துச் செல்லும் நீர். உங்கள் தலைமேல் வானம் தெளிவாக இருந்தாலும், உள்நாட்டு மலைகளில் முந்தின நாள் பெய்த மழை மறுநாள் உங்களைத் தேடி வரக்கூடும்.

இதனுடன் கடலின் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் நம் கரையில் ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம்) ஏறி இறங்கும் வேறுபாடு ஏறத்தாழ 2 மீட்டராகிறது. ஓதம் உயர்ந்திருக்கும்போது ஆற்றுநீர் வெளியேற முடியாமல் தடைப்படுகிறது. 2007 மார்ச்சில் இத்தகைய பேரோதமும் பெரும் அலைகளும் ஒரே நாளில் கூடியபோது, இந்தக் கரை நெடுகிலும் கடலை ஒட்டிக் கட்டியவை பல சிதைந்தன. பயண நாளைக் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் புரட்டும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது அல்லவா? அமாவாசை எந்த நாளில் விழுகிறது என்பதை இதற்காகவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளம் என்பது நம் சமூகத்துக்குப் பழைய கணக்கு. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பெருக்கெடுத்தபோது, அதன் தாழ்ந்த கரைகளில் காய்கறி பயிரிட்டு வாழ்ந்த இந்தியக் குடும்பங்கள் பல அடித்துச் செல்லப்பட்டன. மாரிமுத்து படவட்டனும் அவருடைய தோழர்கள் ஐவரும் திரும்பத் திரும்பப் படகில் சென்று 170க்கும் மேற்பட்டவர்களைக் கரைசேர்த்தார்கள். (படவு ஓட்டியவர் என்ற தமிழ்ச்சொல்லே அந்தக் குடும்பப் பெயரில் ஒலிப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு.) 1987 செப்டம்பர் வெள்ளத்தில் டுகேலா ஆற்றின்மேல் இருந்த ஜான் ராஸ் பாலமே போயிற்று. 2022 ஏப்ரலில் சில இடங்களில் 24 மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 'நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்' என்று சொல்வதைக் கேட்டுப் பலர் அடுத்த நூறாண்டுக்குக் கவலையில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். 1998-ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டப்படி, புதிய குடியிருப்பு மனைத் திட்டங்களின் வரைபடத்தில் அந்த வெள்ளத்தின் எல்லைக்கோடு காட்டப்பட வேண்டும். உங்கள் கூடாரம் மனைத் திட்டம் ஆகாது. ஆனாலும் 'அந்தக் கோட்டுக்கு மேலா, கீழா' என்று கேட்க உங்களுக்குத் தடையில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்கரையில் ஓர் ஆற்றோரக் குடிலில் பல ஆண்டுகளுக்கு முன் தங்கியிருந்தபோது, நள்ளிரவில் தரைப்பலகைக்கு அடியில் யாரோ மெல்லத் தட்டுவது போன்ற ஓசை கேட்டு விழித்தேன். விளக்கடித்துப் பார்த்தால், மாலையில் இருபது அடி தள்ளி இருந்த ஆறு குடிலின் தூண்களைத் தொட்டுக்கொண்டிருந்தது; விறகுத் துண்டொன்று மிதந்துவந்து பலகையில் முட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் காரை நிறுத்திய இடம் குடிலைவிடத் தாழ்வு என்பதை அப்போதுதான் கவனித்தோம். அன்றுமுதல் வெளியேறும் பாதை எந்தப் பக்கம் ஏறுகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்காமல் நான் பெட்டியைத் திறப்பதில்லை.

இனி ஆயாவுக்கு வருவோம். கூடாரத்துக்குள்ளேயே கழிப்பறை உண்டா, வெளியே நடந்து செல்ல வேண்டுமா? படிகளுக்குக் கைப்பிடி உண்டா? வண்டி நிற்கும் இடத்திலிருந்து கூடாரம்வரை மணலில் நடக்க வேண்டுமா, பலகைப் பாதை இருக்கிறதா? கட்டில் முழங்கால் உயரத்துக்காவது இருக்கிறதா? இளையவர்களுக்கு ஒரு பொருட்டாகத் தோன்றாத இவைதான், இரவில் இரண்டு முறை எழுந்து போக வேண்டிய ஒருவருக்கு விடுமுறையைத் தண்டனையாக்கிவிடுகின்றன. டிசம்பர்தான் வேண்டுமென்றால், ஆற்றிலிருந்து நன்றாக விலகி மேட்டில் நிற்கும் மரக்குடிலை எடுத்துக்கொண்டு, ஆற்றைப் பகலில் போய்ப் பாருங்கள். நாளை மாற்ற முடியுமானால் ஜூன், ஜூலை விடுமுறை நம் கரைக்கு மிகப் பொருத்தம்: மழை குறைவு, கொசு குறைவு, சாளை மீன் கூட்டம் கரையை ஒட்டி வருவதும் அந்தக் காலத்தில்தான்.

கேள்வி (பீனிக்ஸ் வாசகர்): 1976-இல் உம்கேனி வெள்ளம் எங்கள் தகரக் குடிசையைக் கொண்டுபோன பிறகு, என் தந்தை சிறிது காலம் கூடாரத்தில் வாழ்ந்தவர். இப்போது நான் பணம் கொடுத்துக் கூடாரத்தில் தங்கப் போகிறேன் என்றதும் விழுந்து விழுந்து சிரிக்கிறார். மரக்குடில், கூடாரம், ரொண்டாவல் ஆகியவற்றில் எது கொடுத்த காசுக்குத் தகும்?

பதில்: உங்கள் தந்தையின் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. அவர் தலைமுறையினருக்கு விடுமுறைக் குடில் என்ற பழக்கமே வாய்க்கவில்லை. 1953-ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் 1990-இல் நீக்கப்படும்வரை, நல்ல கடற்கரைகளும் முகாம்களும் வேறு நிறத்தாருக்கென்று பலகை மாட்டப்பட்டிருந்தன. அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருடைய தீர்ப்பை எனக்கும் எழுதுங்கள்.

மரக்குடில் மூன்றிலும் குறை குறைந்தது என்பது என் கருத்து. பலகைச் சுவர் காற்றைத் தடுக்கும், கதவைப் பூட்டலாம், மழையில் நிம்மதியாகத் தூங்கலாம். கரையோரக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் பலகைக்கு அடிக்கடி எண்ணெய் பூசாவிட்டால் அது கறுத்து உளுத்துப்போகும், ஆணிகள் துருவேறும். ஆகவே குடிலைப் பார்க்கும்போது சுவரைவிடப் படிக்கட்டையும் தளத்தின் கைப்பிடிக் கம்பையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். பராமரிப்பின் நேர்மை அங்கேதான் தெரியும்.

கூடாரம் என்பது இப்போது மரமேடைமேல் இழுத்துக் கட்டிய கனத்த கித்தான். உள்ளே மெத்தைக் கட்டில், கம்பளம், சில இடங்களில் குளியல் தொட்டிகூட இருக்கும். அதன் சுகம் ஓசையில் இருக்கிறது. அலையும் தவளையும் இரவுப் பறவையும் காதருகே ஒலிக்கும். அடுத்த கூடாரத்துக்காரரின் குறட்டையும் அப்படியே ஒலிக்கும். பகலில் வெயில் ஏறினால் உள்ளே புழுங்கும். இரவில் எல்லாத் துணிக்கதவையும் மூடிவிட்டால் நம் மூச்சின் ஈரமே கித்தானின் உட்புறத்தில் துளிர்த்து விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும். எதிரெதிரே இரு சாளரங்களையாவது வலைமட்டும் விட்டுத் திறந்துவைக்க வேண்டும். தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பி வீசும் நாட்களில் கித்தான் இரவெல்லாம் படபடக்கும். மென்மையான உறக்கம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. குளிருக்காக, பிராய் எனும் வெளித்தணற் சமையலில் எஞ்சிய கரியை ஒரு சட்டியில் அள்ளிக் கூடாரத்துக்குள்ளோ குடிலுக்குள்ளோ வைத்துக்கொண்டு உறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவார்.

ரொண்டாவல் புல்வேய்ந்த வட்டக் குடிசை. தடித்த மண்சுவரும் புற்கூரையும் கொண்ட பழைய முறை வீடானால் கோடையிலும் உள்ளே குளுமையாக இருக்கும். நம் ஊர்க் கூரைவீட்டில் வளர்ந்தவர் யாரேனும் குடும்பத்தில் இருந்தால் அவருக்கு உடனே பிடித்துவிடும். காசைப் பொறுத்தவரை, கூடாரத்துக்கு மரக்குடிலைவிட அதிக வாடகை கேட்பதுதான் இப்போதைய வேடிக்கை. அந்த அதிகப் பணம் அலங்காரத்துக்கும் படத்துக்கும் போகிறது. ஓரிரவு அனுபவத்துக்குக் கொடுக்கலாம். நான்கு இரவு என்றால் குடிலே போதும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி): புரட்டாசியில் எங்கள் வீட்டில் மரக்கறிதான். சனிக்கிழமை விளக்கேற்றிப் படைக்கவும் வேண்டும். செப்டம்பர் விடுமுறையில் குடிலுக்குப் போனால் இவையெல்லாம் நடக்குமா?

பதில்: தாராளமாக நடக்கும், பாத்திரங்களைக் கையோடு கொண்டுபோனால். அங்கே தருகிற பிராய்க் கம்பிவலையை எவ்வளவு தேய்த்தாலும் முந்தின குடும்பத்தின் கொழுப்பு போகாது. மூன்றுகால் பொய்கிச் சட்டி இன்னும் மோசம்: வார்ப்பிரும்பைப் பழக்குவதே கொழுப்பைத் தடவிச் சூடேற்றித்தான், பலர் அதற்கு மிருகக்கொழுப்பையே பயன்படுத்துகிறார்கள். எண்ணெயில் பழக்கிய உங்கள் சொந்தச் சட்டி ஒன்று, சிறு கம்பிவலை ஒன்று, தோசைக்கல் ஒன்று இருந்தால் போதும். மாடும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கைத் தோலோடு தணலில் சுட்டு, உப்பும் மிளகாயும் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். இறைச்சிக்காரர்கள் உங்கள் அடுப்பைத் தேடி வருவார்கள்.

விளக்கைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். கித்தானுக்கு உள்ளேயும் புற்கூரைக்குக் கீழேயும் திறந்த சுடர் வேண்டாம். கற்பூரம் அறவே வேண்டாம். வெளியே, காற்று மறைந்த இடத்தில், மணல் நிரப்பிய தகர டின்னுக்குள் அகலை வைத்து ஏற்றுங்கள், அணையும்வரை ஒருவர் அருகில் இருங்கள். புரட்டாசி நம் மாகாணத்தில் வறட்சிக் காலத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. உள்நாட்டிலிருந்து சுடச்சுட வீசும் பெர்க் காற்று அப்போது புல்வெளிகளைப் பற்றவைக்கத் தயாராக வைத்திருக்கும். தீ அபாயம் மிகுந்த நாட்களில் வெளியே நெருப்பு மூட்டவே சட்டம் தடை செய்கிறது. அன்றைக்கென்று எரிவாயு அடுப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

படையலுக்கு வாழைப்பழம் வைத்துவிட்டுக் கண்ணை மூடி வேண்டாதீர்கள். கரையோரக் குரங்குகள் நாம் திருநீறு பூசி முடிப்பதற்குள் பிரசாதம் பெற்றுக்கொண்டு மரமேறிவிடும்.

கேள்வி (டோங்காட் வாசகர்): பிள்ளைகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் குளிக்கலாமா? கடலைவிட ஆறு அமைதியானது, பாதுகாப்பானது என்கிறார்கள்.

பதில்: அமைதி என்பது உண்மை. பாதுகாப்பு என்பது இடத்தைப் பொறுத்தது, நம் மாகாணத்தின் வடபகுதியில் பெரும்பாலும் பொய்.

செயின்ட் லூசியாக் கழிமுகத்தில் குளிக்கும் பேச்சுக்கே இடமில்லை. 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவைச் சேர்ந்த அந்த நீரில் நூற்றுக்கணக்கான நீர்யானைகளும் முதலைகளும் வாழ்கின்றன. இருட்டியபின் நீர்யானைகள் புல் மேய்வதற்கு ஊர்த் தெருக்களுக்கே வந்துவிடுகின்றன. அங்கே தங்குவோர் அந்தி மயங்கியது முதல் விடியும்வரை குடிலிலிருந்து வாகனம்வரைகூட விளக்கின்றி நடக்கலாகாது. நீருக்கும் நீர்யானைக்கும் இடையே நீங்கள் நிற்பதுதான் மிகக் கொடிய நிலை. அது தன் வழியை மறித்ததாக எண்ணிப் பாயும். ம்துன்சினியில் உம்லலாசி ஆற்றிலும் முதலைகள் உண்டு. ஆனால் அந்த ஊரை நான் வேறு காரணத்துக்காகப் பரிந்துரைப்பேன். அதன் பெயருக்கு 'நிழலில்' என்று பொருள், பெயருக்கேற்ற ஊர். அங்குள்ள இயற்கைக் காப்பகத்தில் மரக்குடில்கள் இருக்கின்றன, கண்டல் மரங்களுக்கிடையே நடைபாதை செல்கிறது, அருகில் ராபியாப் பனைத்தோப்பு ஒன்றும் உண்டு. நம் தாளிப்பனையைப் போலவே அந்தப் பனையும் பல ஆண்டுகள் வளர்ந்து வாழ்நாளில் ஒரே முறை காய்த்துப் பின் பட்டுப்போகிறது. அதன் பழத்தை உண்ணும் அரிய கழுகு ஒன்று அங்கே வாழ்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பார்க்க இதுவே ஏராளம். குளிப்பதற்கு உயிர்காப்பாளர் நிற்கும் கடற்கரைக்குப் போகலாம்.

முதலை இல்லாத ஆற்றிலும் இரண்டு தொல்லைகள் உண்டு. மெல்ல ஓடும் வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை நத்தையிலிருந்து வெளிப்படும் நுண்புழு, நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. பில்ஹார்சியா என்ற அந்த நோய், பல வாரங்கள் கழித்துச் சிறுநீரில் இரத்தமாகத் தெரியவரும். மருந்தால் குணமாகும், ஆனால் மருத்துவரிடம் ஆற்றில் இறங்கியதைச் சொன்னால்தான் அவர் அதைத் தேடுவார். மற்றொன்று சாக்கடை. பெருமழைக்குப் பின் சில நாட்களுக்கு எந்த ஆற்றின் வாயிலும் இறங்க வேண்டாம். கலங்கல் நீரில் நோய்க்கிருமிகளும் இருக்கும், சாம்பேசிச் சுறாவும் இருக்கும். அந்தச் சுறா நன்னீரையும் தாங்கக்கூடியது; 2009-இல் மேற்குக் கேப்பின் பிரீட் ஆற்றில், வாயிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, ஏறத்தாழ 4 மீட்டர் நீளமுள்ள ஒன்று பிடிபட்டது.

கடலில் குளிப்பதென்றால் சுறாத் தடுப்பு வாரியத்தின் வலையோ தூண்டிலோ போடப்பட்ட கடற்கரையைத் தேர்ந்துகொள்ளுங்கள். சாளைக் கூட்டம் வரும் நாட்களில் அந்த வலைகளை எடுத்துவிடுவார்கள். அப்போது குளிக்கத் தடைக்கொடி பறக்கும். குடிலுக்கு எதிரே இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு கடலில் பிள்ளைகளை இறக்கிவிடக் கூடாது.

கேள்வி (இசிப்பிங்கோ வாசகர்): என் தந்தையின் எழுபதாம் பிறந்தநாளுக்காகக் கடலோரக் குடில் ஒன்றை முழுப்பணமும் கட்டி எடுத்திருந்தோம். போவதற்கு இரண்டு நாள் முன்பு அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 'பணம் திரும்பாது என்று விதிகளில் எழுதியிருக்கிறது' என்று உரிமையாளர் கைவிரித்துவிட்டார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் தந்தையார் நலமடைந்திருப்பார் என்று நம்புகிறேன். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்துசெய்யும் உரிமையை நுகர்வோருக்குத் தருகிறது. விடுதிக்காரர் நியாயமான ரத்துக் கட்டணம் பிடித்துக்கொள்ளலாம்; எவ்வளவு முன்னதாகச் சொன்னீர்கள், அந்த நாட்களுக்கு வேறு ஆள் கிடைக்க வாய்ப்பு இருந்ததா என்பவற்றை வைத்து அந்த நியாயம் அளக்கப்படும். ஆனால் பதிவு செய்தவரோ, யாருக்காகப் பதிவு செய்யப்பட்டதோ அவரோ இறந்துவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ, ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்கலாகாது. உங்கள் தந்தையின் பிறந்தநாளுக்கென்றே எடுத்த குடில் என்பதால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பதிவின்போது அவர் பெயரைத் தங்குவோர் பட்டியலில் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது.

சினத்தோடு தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு, மருத்துவமனையில் சேர்ந்த நாளைக் காட்டும் சான்றின் நகலுடன், பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வர ஒரு நாளைக் குறியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாகாண நுகர்வோர் அலுவலகத்திலோ தேசிய நுகர்வோர் ஆணையத்திலோ முறையிடலாம். சிறு குடில் உரிமையாளர் பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாது. தெரிந்ததும் திருப்பிக் கொடுப்பவர்களே அதிகம் என்பது எனக்கு வந்த கடிதங்களிலிருந்து நான் அறிந்தது.

கேள்வி (கெபேகா, அதாவது முன்னாள் போர்ட் எலிசபெத்தின் மலபார் பகுதி வாசகர்): நாங்கள் கிழக்குக் கேப்பில் இருக்கிறோம். ஸ்டோர்ம்ஸ் ஆற்று முகத்துவாரம், வைல்ட் கோஸ்ட், கோசி பே என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். முதல்முறை போகும் குடும்பத்துக்கு எது?

பதில்: ஸ்டோர்ம்ஸ். உங்களுக்கு அதுதான் அருகில், சாலை நல்லது, 1964-இல் நிறுவப்பட்ட சிட்சிகாமா தேசியப் பூங்காவின் (இப்போது கார்டன் ரூட் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி) முகாம் என்பதால் வாடகையும் விதிகளும் வெளிப்படையானவை. அலை மோதிச் சிதறும் பாறைகளுக்குச் சற்று மேலேயே மரக்குடில்கள் நிற்கின்றன. கரும் தேநீர் நிறத்தில் ஆறு வந்து கடலில் கலப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் அழுக்கென்று முகம் சுளிப்பார்கள். காட்டுச் செடிகளின் துவர்ப்புச் சாறு தரும் நிறம் அது. ஆற்றின் வாய்க்குமேல் தொங்கும் 77 மீட்டர் பாலத்தில் நடக்கலாம். அங்கே மழைக்குத் தனிப் பருவம் கிடையாது, ஆண்டு முழுவதும் பெய்யும். எந்த மாதம் போனாலும் மழைச்சட்டை வேண்டும்.

வைல்ட் கோஸ்ட்டின் ரொண்டாவல்கள் எனக்கு மிகப் பிடித்தவை. அருவி நேரே கடலில் விழும் காட்சி அந்தக் கரையில் உண்டு. ஆனால் பிரதான சாலையை விட்டு இறங்கியபின் குழிகளும் கால்நடைகளும் நிறைந்த பாதையில் மணிக்கணக்கில் ஊர்ந்து செல்ல வேண்டும். இருட்டுமுன் போய்ச் சேரும்படி புறப்பட முடியாதவர்கள் மறுநாள் புறப்படுவதே நல்லது. போர்ட் செயின்ட் ஜான்ஸ் ஊரின் இரண்டாம் கடற்கரையில் சுறா தாக்கிப் பலர் இறந்திருக்கிறார்கள். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோசி பே மொசாம்பிக் எல்லையருகே இருக்கிறது. அங்கு வாழும் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கழிமுகத்தில் கம்புகளை நட்டு வளைத்துக் கட்டும் மீன்பட்டிகளைப் பார்ப்பதற்காகவே போகலாம். ஆனால் அது மலேரியாப் பகுதி, செப்டம்பர் முதல் மே வரை அபாயம் கூடுதல். கடல்வாயை அடைய நான்கு சக்கர இயக்க வண்டியும் வேண்டும். அந்த வண்டியை மணற்கரையில் ஓட்டலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். பொழுதுபோக்குக்காகக் கடற்கரையில் வண்டி ஓட்டுவது 2002 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. முதல் பயணத்துக்கு இது வேண்டாம்.

கேள்வி (உம்சிண்டோ வாசகி): என் கணவர் இரவில் மூச்சுக் கருவி பொருத்திக்கொண்டுதான் உறங்குவார். இந்த ஆற்றோரக் கூடாரங்களில் மின்சாரம் இருக்குமா?

பதில்: 'மின்சாரம் உண்டு' என்று விளம்பரத்தில் இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். 2024 மார்ச்சுக்குப் பின் நாட்டில் மின்வெட்டு பெரிதும் குறைந்துவிட்டது உண்மைதான்; ஆனால் இந்தக் கூடாரங்களில் பல பொது மின்கம்பியோடு இணைக்கப்பட்டவையே அல்ல. சூரியத் தகடும் மின்கலமும் கொண்டு விளக்கையும் கைப்பேசியையும் ஓட்டுவார்கள். வெந்நீரை விறகு எரிக்கும் டாங்கி பாய்லரோ எரிவாயுவோ தரும். மேகமூட்டமான நாளில் மின்கலம் நள்ளிரவிலேயே தீர்ந்துவிடலாம். ஆகவே 'படுக்கையருகே உள்ள பிளக்கில் இரவு முழுவதும் மின்சாரம் இருக்குமா, எத்தனை வாட் தாங்கும்' என்று, கருவியின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் சொல்லி, எழுத்தில் பதில் வாங்குங்கள். கருவியின் ஈரப்பதச் சூடேற்றிதான் அதிக மின்சாரம் உறிஞ்சும் பகுதி. கரையோரக் காற்றில் ஈரம் போதிய அளவு இருப்பதால் மருத்துவரைக் கேட்டு அதை நிறுத்தி வைக்கலாமா என்று பாருங்கள். அந்தக் கருவிக்கென்றே விற்கும் மின்கலம் ஒன்றை வாங்கி, முதலில் வீட்டில் ஓரிரவு முழுவதும் அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விடுதியில் கைப்பேசிச் சமிக்ஞை எந்த இடத்தில் கிடைக்கும், இரவில் வாசற்கதவைத் திறக்கும் ஆள் எங்கே தங்கியிருக்கிறார் என்ற இரண்டையும் வெளிச்சம் இருக்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.